கற்கருவி செஞ்சு பழகணுமா? நம்ம ஊர்ல கிடைக்கறத வச்சு ஆரம்பிக்கற வழி

கல்லால கல்லைத் தட்டி அம்பு முனை, கத்தி, சுரண்டி எல்லாம் செய்யப் பழகணும்னு எனக்கு ஆசை வந்து மூணு வருஷம் ஆகுது. முதல் ஒரு வருஷம் முழுக்க வீணாப் போச்சு, ஏன்னா பார்த்த வீடியோ எல்லாமே அமெரிக்கா, இங்கிலாந்துக்காரங்க போட்டது, அவங்களுக்கு வீட்டுப் பின்னாடியே ஃப்ளின்ட்னு சொல்ற நல்ல சிக்கிமுக்கிக் கல் கிடைக்குது, மான் கொம்பு கடையில விக்குது, நமக்கு ரெண்டுமே கிடையாது. அவங்க சொல்றத அப்படியே இங்க செஞ்சா கையும் கிழியும், காசும் போகும், ஒரு விஷயத்துல கேஸே ஆகும். நீங்களும் அந்த ஒரு வருஷத்தைத் தொலைக்க வேண்டாம்னுதான் இதை எழுதறேன். சென்னைப் பக்கம் இருக்கற ஒரு ஆள் என்னென்ன வாங்கணும், எங்க வாங்கணும், எவ்ளோ ஆகும், எதைத் தொடவே கூடாது, எல்லாத்தையும் வரிசையாச் சொல்றேன்.

1. முதல்ல எந்தக் கல் வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுக்கோங்க

கருங்கல் ஜல்லி ஆகாது. நம்ம கண்ணுக்கு எங்க பார்த்தாலும் அதுதான் தெரியும், அதனால எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கறாங்க, நானும் ரெண்டு மாசம் அதைத்தான் தட்டிட்டு இருந்தேன். அது உள்ளுக்குள்ள பெரிய பெரிய மணியா இருக்கற கல், தட்டினா மணி மணியா உதிரும், இல்ல கண்ட இடத்துல பொளந்துக்கும். நமக்கு வேண்டியது கண்ணாடி மாதிரி உடையற கல். ஜன்னல் கண்ணாடில பசங்க கல்லு விட்டு ஓட்டை போட்டா, அடிபட்ட பக்கம் சின்ன ஓட்டையாவும் மறுபக்கம் கூம்பு மாதிரி அகலமாவும் பெயர்ந்து இருக்கும் பாருங்க, அந்தக் கூம்புதான் இந்த வேலைக்கே ஆதாரம். நாம விளிம்புல அழுத்தம் குடுக்கறப்ப அந்தக் கூம்போட ஒரு பக்கம் மட்டும் சில்லா உரிஞ்சு வருது, அவ்ளோதான் விஷயம்.

கடையிலயோ எங்கயோ ஒரு கல்லைப் பார்த்து இது ஆகுமா ஆகாதான்னு தெரியணும்னா, தேங்காய தட்டிப் பாக்கற மாதிரி இன்னொரு கல்லால லேசாத் தட்டுங்க. ணங்னு மணி அடிச்ச மாதிரி வந்தா உள்ள விரிசல் இல்லாம இறுக்கமா இருக்கு, டொக்குனு செத்த சத்தம் வந்தா உள்ள விரிசல், அதை வாங்காதீங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், முதல் மூணு மாசம் கல்லே வேண்டாம், கண்ணாடி போதும். பழைய பேப்பர் கடையில தடிமனான அடிப்பாகம் இருக்கற பாட்டிலாப் பார்த்துப் பத்து இருபது வாங்கிக்கோங்க. இல்லன்னா கண்ணாடிக் கடையில 8 மில்லி, 10 மில்லி கண்ணாடி வெட்டினப்ப மிச்சம் விழுந்த துண்டு கேளுங்க, பெரும்பாலும் சும்மாவே குடுப்பாங்க. உடைஞ்ச வாஷ்பேசின் பீங்கானும் நல்லா உரியும், கொஞ்சம் பழகினதுக்கு அப்புறம் அது பிரமாதமான சரக்கு.

ரெண்டு கண்ணாடி மட்டும் வேண்டாம். டஃபன்டு கண்ணாடின்னு சொல்ற காரோட பக்கவாட்டுக் கண்ணாடி, டேபிள் மேல போடற கண்ணாடி, இதெல்லாம் விளிம்புல அழுத்தின உடனே மொத்தமா பொடிப்பொடியா வெடிச்சிடும். பழைய டிவி பிக்சர் டியூப் கண்ணாடில ஈயம் இருக்கு, அதோட தூள் உடம்புக்குள்ள போகக் கூடாது.

2. எதையும் தட்டறதுக்கு முன்னாடி பாதுகாப்பு

இதை ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ். கண்ணுக்கு மூடின பக்கவாட்டு இருக்கற சேஃப்டி கண்ணாடி, 150லேர்ந்து 300 ரூபாய்க்குள்ள ஹார்டுவேர் கடையில கிடைக்கும். பவர் கண்ணாடி போடறவங்க அது மேலயே போடற மாதிரி பெருசா வாங்கிக்கோங்க. வெல்டிங் பண்றவங்க போடற தோல் க்ளவுஸ் இடது கைக்காவது வேணும். ஷார்ட்ஸ் போட்டுட்டு உக்காராதீங்க, தடிமனான ஜீன்ஸ், மூடின ஷூ.

அதை விட முக்கியம் தூள். கல்லுலேர்ந்து வர்ற மெல்லிசு சிலிக்கா தூள் நுரையீரல்ல போய்த் தங்கினா சிலிகோசிஸ் வரும், அது வந்தா சரி பண்ண முடியாது. கல் குவாரியிலயும், மணி மாலைக்கு அகேட் கல் தீட்டற பட்டறையிலயும் வேலை பாக்கறவங்க எத்தனை பேர் இதால மூச்சு விட முடியாமக் கஷ்டப்படறாங்க. நாம ஹாபிக்காகச் செய்யற வேலை, அதுக்காக நுரையீரலைக் குடுக்கக் கூடாது. அதனால எப்பவும் வெட்டவெளியில உக்காருங்க, காத்து உங்க முதுகுப் பக்கத்துலேர்ந்து வர்ற மாதிரி பாத்துக்கோங்க, என்95 மாஸ்க் போடுங்க, விளிம்பைத் தேய்க்கறப்ப கல்லைத் தண்ணில நனைச்சுத் தேய்ங்க. ரூமுக்குள்ள ஃபேன் போட்டுட்டுச் செய்யற வேலை இது கிடையவே கிடையாது.

டிடி ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா டாக்டர்கிட்டக் கேட்டுப் போட்டுக்கோங்க, ஏன்னா கண்டிப்பா ஒரு நாள் கை கிழியும். கண்ணுல ஏதாவது பட்டா தேய்க்காம நேரா கண் டாக்டர்கிட்டப் போங்க.

3. கருவி வாங்கறது, இதுலதான் பெரிய பொறி இருக்கு

வீடியோல எல்லாரும் மான் கொம்பு வச்சுத்தான் வேலை பாப்பாங்க. நம்ம ஊர்ல அதைத் தேடிப் போகாதீங்க. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை வாங்கறதும் விக்கறதும் வீட்ல வச்சிருக்கறதும் குற்றம். மானைக் கொல்லல, காட்டுல தானா உதிர்ந்து விழுந்ததுதானேன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, உதிர்ந்த கொம்புக்கும் விலக்கு கிடையாது. நானும் ஆரம்பத்துல மலைப் பக்கம் இருக்கற ஒரு நண்பர்கிட்ட ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டேன், அவர் பதறிப் போய் ஃபோன்ல இதெல்லாம் பேசாத தம்பின்னு சொன்னப்பதான் விஷயமே தெரிஞ்சுது. ஆன்லைன்ல வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கலாம்னும் நினைக்காதீங்க.

கொம்புக்குப் பதில் செம்பு. எலக்ட்ரிக்கல் கடையில போய் எர்த்துக்குப் போடற 8 கேஜ் செம்புக் கம்பி ஒரு மீட்டர் கேளுங்க, கிட்டத்தட்ட 4 மில்லி தடிமன் இருக்கும், நான் வாங்கினப்ப 150 ரூபா ஆச்சு, செம்பு விலை ஏறி இறங்கும். அதுல 8 சென்டிமீட்டர் துண்டா வெட்டி, பழைய ஸ்க்ரூடிரைவர் பிடியிலயோ துடைப்பக் கட்டையிலயோ துளை போட்டு இறுக்கமா அடிச்சு, 2 சென்டிமீட்டர் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி வச்சுக்கோங்க. முனையை அரத்தால ராவி பென்சில் மாதிரி, ஆனா ரொம்பக் கூரா இல்லாம வைங்க. இரும்பு ஆணி வேண்டாம், அது கண்ணாடி விளிம்பைக் கவ்வாம வழுக்கிட்டு நொறுக்கிடும், செம்பு மெத்துனு இருக்கறதால விளிம்பு அதுல லேசாப் பதிஞ்சு பிடிச்சுக்கும்.

தட்டறதுக்குக் கூழாங்கல் ரெண்டு மூணு வேணும், கோழி முட்டை சைஸ்ல ஒண்ணு, எலுமிச்சம்பழ சைஸ்ல ஒண்ணு. ஆத்துல போய்ப் பொறுக்காம நர்சரியில தோட்டத்துக்கு விக்கற பாலிஷ் போடாத கூழாங்கல்லா வாங்குங்க, ஏன்னு ஆறாவது படியில சொல்றேன். விளிம்பு தேய்க்க ஒரு பழைய சாணைக்கல் துண்டு. உள்ளங்கைக்குத் தடிமனான ரப்பர், லாரி டயர் துண்டு கிடைச்சா இன்னும் நல்லது, அது நடுவுல கத்தியால விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டிக்கோங்க, உரிஞ்ச சில்லு போய் விழ இடம் வேணும், இல்லன்னா சில்லு பாதியிலயே முறிஞ்சிடும். தொடை மேல போட செருப்புத் தைக்கற இடத்துல ஒரு தோல் துண்டு. எல்லாம் சேர்த்து எனக்கு 1,200 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு. வெளிநாட்டு கிட் ஒண்ணு அதுக்கு முன்னாடியே நாலு மடங்கு விலையில ஆர்டர் பண்ணி, வந்ததுல பாதி சாமான் உதவல, அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

4. பாட்டில் அடிப்பாகத்தைக் கழட்டறது

பாட்டிலைக் கழுவிக் காய வச்சு, உள்ள ஒரு நீளமான கனமான ஆணியைப் போட்டு, பாட்டிலைச் சாக்குல சுத்தி, வாயை மூடிப் பிடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் குலுக்குங்க, ஆணி முனை அடியில திரும்பத் திரும்பக் குத்தும். பத்து இருபது குலுக்கல்ல அடிப்பாகம் மட்டும் வட்டமாக் கழண்டு சாக்குல விழும். சில பாட்டில் ஒத்துழைக்காது, கோணலா உடையும், அதைப் போட்டுட்டு அடுத்ததை எடுங்க. பசங்க பக்கத்துல இருக்கறப்ப இதைச் செய்யாதீங்க.

5. உரிக்கற வேலை

இங்கதான் கொஞ்சம் பொறுமையாப் படிக்கணும், ஏன்னா இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்தது எல்லாம் தானா வரும். இந்த வேலையில அடிக்கறதும் அழுத்தறதும் கொஞ்சம்தான், விளிம்பைத் தயார் பண்றதுதான் அதிகம். என் கணக்குல பத்து நிமிஷம் வேலைன்னா ஏழு நிமிஷம் விளிம்புக்குப் போகும். வீடியோல அந்த ஏழு நிமிஷத்தை வெட்டிட்டு மூணு நிமிஷத்தை மட்டும் போடறாங்க, அதைப் பார்த்துட்டு நாமளும் அழுத்து அழுத்துனு அழுத்தி விளிம்பை நொறுக்கிடறோம்.

கையில இருக்கற கண்ணாடி வட்டத்தோட விளிம்பு சதுரமா இருக்கும், சதுர விளிம்புலேர்ந்து சில்லு உரியாது. ரெண்டு பரப்பும் சேர்ற கோணம் 90 டிகிரிக்குக் கம்மியா இருந்தாத்தான் உரியும். அதனால முதல்ல அந்தச் சதுரத்தை உடைக்கணும். ஒரு இடத்துல அழுத்திச் சின்னதா ஒரு சில்லு எடுங்க, கண்ணாடியைத் திருப்புங்க, இப்ப எடுத்த சில்லோட பள்ளத்துலயே முனையை வச்சுப் பக்கத்துல அடுத்த சில்லு எடுங்க, மறுபடி திருப்புங்க. இப்படியே சுத்தி வந்தா விளிம்பு பாம்பு போற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வரும். ஒரு முழுச் சுத்துக்கு எனக்கு முதல்ல ஒரு மணி நேரம் ஆச்சு, இப்ப பத்து நிமிஷம்.

அடுத்துதான் நீளமான சில்லு. எந்தப் பரப்புலேர்ந்து சில்லு எடுக்கணுமோ அந்தப் பரப்பு உள்ளங்கையைப் பாத்துக்கிட்டு கீழ இருக்கணும். விளிம்பும் கண்ணாடித் தடிமனோட நடுக்கோட்டுக்குக் கீழ, அதாவது உள்ளங்கைப் பக்கமா இறங்கி இருக்கணும். விளிம்பு மேல ஏறி இருக்கறப்ப அழுத்தினா ஒண்ணு நொறுங்கும், இல்ல மொத்தமா ரெண்டாப் பொளந்துக்கும். விளிம்பைக் கீழ இறக்க, கண்ணாடியைத் திருப்பிப் போட்டு விளிம்புல இருந்து நேரா கீழ்நோக்கிப் பொடிச் சில்லா வரிசையா எடுத்துட்டு, மறுபடி திருப்புங்க, இப்ப மேல்பக்கம் சரிஞ்சு விளிம்பு கீழ இறங்கி இருக்கும். அப்புறம் சாணைக்கல்லை நனைச்சு அந்த விளிம்பைத் தேய்ங்க. கூரான விளிம்பைப் போய் மழுங்கத் தேய்க்கறதான்னு தோணும், எனக்கும் மனசே வரல, ஆனா கூரான விளிம்பு கண்ணாடிக் காகிதம் மாதிரி, அழுத்தத்தைத் தாங்காது. விரல்ல தொட்டா கிழிக்காத அளவுக்கு மழுங்கினா அது தாங்கும்.

இப்ப இடது கை உள்ளங்கையில ரப்பர், அது மேல கண்ணாடி, விரலால இறுக்கிப் பிடிங்க. இடது கையோட பின்பக்கம் இடது தொடையோட உள்பக்கத்துல சாஞ்சிருக்கட்டும். செம்பு முனையைத் தேய்ச்ச விளிம்புல வைங்க. முதல்ல கீழ அழுத்தாதீங்க, உள்நோக்கி, அதாவது கண்ணாடியோட நடுவைப் பாத்துத் தள்ளுங்க, தோள்லேர்ந்து பலம் வரட்டும், மணிக்கட்டுலேர்ந்து வேண்டாம், ரெண்டு முட்டியையும் சேர்த்து நெருக்கினா இன்னும் பலம் கிடைக்கும். கை லேசா நடுங்கற அளவுக்கு உள்ள தள்ளிக்கிட்டே இருக்கறப்ப, கொஞ்சமே கொஞ்சம் கீழ அமுக்குங்க. டிக்னு ஒரு சத்தம். ரப்பர் பள்ளத்துல பாத்தா மீன் செதில் மாதிரி மெல்லிசா, விரல் நகத்தை விட நீளமா ஒரு சில்லு கிடக்கும், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா அழுத்தின இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன வீக்கமும் அங்கேர்ந்து குளத்து அலை மாதிரி வளையம் வளையமாவும் தெரியும். என்னோட முதல் சரியான சில்லை இன்னமும் ஒரு மாத்திரை டப்பாவுல வச்சிருக்கேன்.

சில்லு எப்பவும் மேட்டைப் புடிச்சுக்கிட்டுதான் ஓடும். ரெண்டு பள்ளத்துக்கு நடுவுல ஒரு முகடு நிக்கும்ல, அந்த முகட்டுக்கு நேரா முனையை வச்சா சில்லு நீளமாப் போகும், பள்ளத்துக்கு நேரா வச்சா பாதியிலயே நின்னு படிக்கட்டு மாதிரி முறிஞ்சுக்கும். அப்படிப் படி விழுந்துட்டா அதே பக்கத்துலேர்ந்து திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க, படி மேல படி ஏறி நடுவுல ஒரு திமில் நின்னுடும், அதுக்கப்புறம் அந்தத் துண்டைக் காப்பாத்தறது கஷ்டம். எதிர்ப்பக்க விளிம்புலேர்ந்து வந்து அந்தப் படியைச் சேத்துத் தூக்குங்க.

பாட்டில் அடியில கம்பெனி எழுத்தோ நம்பரோ புடைச்சு இருக்கும். உங்க சில்லு எல்லாம் நடு வரைக்கும் போய் அந்த எழுத்து முழுசா அழிஞ்சுதுன்னா நீங்க முதல் பரீட்சையில பாஸ். எனக்கு அதுக்கு அஞ்சு வாரம், ஏறக்குறைய முப்பது பாட்டில் ஆச்சு. தினமும் முக்கால் மணி நேரம் காலையில வெயில் ஏறதுக்குள்ள உக்காருங்க, ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல ஆறு மணி நேரம் உக்காந்தா மணிக்கட்டும் முட்டியும் போயிடும், கை சோர்ந்தப்பதான் கிழிச்சுக்கவும் செய்வோம்.

அம்பு முனை வடிவம் வந்ததும் கடைசியா அடியில ரெண்டு பக்கமும் நூல் கட்ட வெட்டு போடறது, அதுக்கு 2 மில்லி செம்புக் கம்பி போதும், ஒரு சில்லு இந்தப் பக்கம் ஒரு சில்லு அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி எடுங்க. அவசரப்பட்டா இந்த இடத்துலதான் வெட்டை ஒட்டி காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற மூலை முறியும்.

6. எங்க கல் எடுக்கக் கூடாது, என்ன பேப்பர் கையில வேணும்

திருவள்ளூர் மாவட்டத்துல கொசஸ்தலை ஆத்துப் பக்கம், அதிரம்பாக்கம், குடியம், பூண்டி, இந்த இடங்கள்ல தரையில கிடக்கற குவார்ட்ஸைட் கல்லுல ஆதி மனுசங்க செஞ்ச நிஜக் கற்கருவி கலந்து கிடக்கு. அங்க போய்க் கல் பொறுக்கவே பொறுக்காதீங்க. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழசானதே தொல்பொருள்தான், இது லட்சக்கணக்கான வருஷம் பழசு. அதோட ஒரு கருவி எந்த இடத்துல எந்த மண்ணுல கிடந்ததுங்கறதுதான் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு உயிர், நீங்க எடுத்துப் பையில போட்ட நிமிஷமே அது போச்சு. அங்க உக்காந்து தட்டவும் கூடாது, உங்க புதுச் சில்லு பழைய சில்லோட கலந்தா பின்னாடி வர்றவங்களுக்குத் தீராத குழப்பம். பழைய கருவியைப் பாக்கணும்னா சென்னையிலேர்ந்து சுமார் 60 கிலோமீட்டர்ல பூண்டி நீர்த்தேக்கத்துப் பக்கம் மாநிலத் தொல்லியல் துறை மியூசியம் இருக்கு, எழும்பூர் அரசு மியூசியத்துலயும் இருக்கு, கண்ணாடிக்கு வெளிய நின்னு ஒவ்வொரு சில்லும் எந்த வரிசையில எடுத்திருக்காங்கன்னு விரலால தொடர்ந்து பாருங்க, ஒரு மணி நேரத்துல பத்து வீடியோ சொல்லித் தராதது புரியும்.

கண்ணாடியில கை படிஞ்சதுக்கு அப்புறம் கல்லுக்குப் போகணும்னா குஜராத் காம்பாத் பக்கத்துலேர்ந்து வர்ற அகேட் நல்லது. அங்க மணி செய்யறவங்க இன்னைக்கும் தரையில நட்ட இரும்புக் கூர் மேல கல்லை வச்சு எருமைக் கொம்புச் சுத்தியால தட்டித்தான் உருவம் கொண்டு வராங்க, கல்லை மண் சட்டியில வச்சு மெதுவா சூடு காட்டிப் பதப்படுத்தறதும் அவங்க வழக்கம், சூடு ஏறின கல் சுலபமா உரியும். நீங்க வீட்டு அடுப்புல அந்தச் சூட்டு வேலையை முயற்சி பண்ணாதீங்க, வேகமா சூடேறினா கல் வெடிச்சுத் தெறிக்கும். பதப்படுத்தின கல்லாவே கேட்டு வாங்குங்க. கிலோ கணக்குல விலை கம்மியாத்தான் இருக்கும், கூரியர் காசுதான் கல் விலையைத் தாண்டும், அதனால ரெண்டு மூணு பேர் சேர்ந்து வாங்கறது லாபம். எனக்கு ஒரு தடவை சாயம் ஏத்தின அலங்காரக் கல்லை அனுப்பிட்டாங்க, உள்ள முழுக்க விரிசல், திருப்பி எடுத்துக்கவும் இல்ல. உடைச்ச முகத்தோட ஃபோட்டோவும், கல் தட்டற வீடியோவும் அனுப்பச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டுட்டுப் பணம் போடுங்க. பில் வாங்கிப் பத்திரமா வைங்க. தெரிஞ்சவங்க நிலத்துல எடுக்கறதா இருந்தா ஒரு வரி எழுத்துல சம்மதம் வாங்கிக்கோங்க.

ஃப்ளைட்ல எடுத்துட்டுப் போறப்ப முனை எல்லாம் செக்-இன் பெட்டிக்குள்ள, ஒவ்வொண்ணும் தனித்தனியா துணியில சுத்தி. கைப்பையில வைக்காதீங்க, கூரான பொருள்னு எடுத்து வச்சுக்குவாங்க, எனக்கு நாலு நல்ல முனை அப்படிப் போச்சு. வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்களுக்கு அகேட் முனை அனுப்பறதா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, பாக்கறவங்களுக்கு அது தொல்பொருளாத் தெரியும், தொல்பொருளை நாட்டுக்கு வெளிய அனுப்ப முடியாது. சந்தேகம் வந்தா இது தொல்பொருள் இல்லன்னு இந்தியத் தொல்லியல் துறை குடுக்கற சான்றிதழ் கேப்பாங்க, அதுக்கு நாள் எடுக்கும், அதனால கல்யாணம், பிறந்த நாள்னு தேதி வச்சுக்கிட்டு கடைசி நேரத்துல அனுப்பாதீங்க. செய்யறப்பவே கல், பாதி வேலை, முடிஞ்ச வேலைன்னு மூணு ஃபோட்டோ தேதியோட எடுத்து வைங்க, நான் எல்லாத்துக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன்.

7. பேர் போடறது, குப்பையை அள்ளறது

ஒவ்வொரு முனையோட அடியிலயும் டைமண்ட் முனை இருக்கற எழுத்தாணியால உங்க இனிஷியலும் வருஷமும் கீறிடுங்க, அந்த எழுத்தாணி 100, 200 ரூபாய்க்குக் கிடைக்கும். இன்னைக்கு உங்களுக்குத் தெரியும் இது நேத்து செஞ்சதுன்னு, நாப்பது வருஷம் கழிச்சு உங்க வீட்டு அலமாரியைக் காலி பண்றவங்களுக்குத் தெரியாது, அதை யாராவது பழசுன்னு சொல்லி வித்தா அது பொய்யான சரித்திரம் ஆயிடும்.

உக்காரறதுக்கு முன்னாடியே கீழ தார்ப்பாய் விரிச்சுடுங்க, முடிஞ்சதும் நாலு மூலையும் சேத்துத் தூக்கி ஒரு பழைய பெயின்ட் டப்பாவுல கொட்டுங்க. விளக்குமாத்தால பெருக்காதீங்க, தூள் கிளம்பும், ஈரத் துணியால ஒத்தி எடுங்க. தெருவுல நாய், மாடு, வெறுங்காலோட ஓடற பசங்க எல்லாம் இருக்காங்க, ஒரு சில்லு கூட வெளிய கிடக்கக் கூடாது. டப்பா நிறைஞ்சதும் மூடி ஒட்டி, மேல உடைஞ்ச கண்ணாடின்னு மார்க்கர்ல பெருசா எழுதி, குப்பை வண்டி அக்கா கையிலயே விஷயத்தைச் சொல்லிக் குடுங்க, தொட்டியில போட்டுட்டு வந்துடாதீங்க. கல் சில்லா இருந்தா அந்த டப்பாவுல இந்த வருஷத்து ரூபா நாணயம் ஒண்ணு போட்டு மூடுங்க, எங்க புதைஞ்சாலும் தோண்டி எடுக்கறவங்களுக்கு இது எந்தக் காலத்து வேலைன்னு தெரிஞ்சிடும்.